கார்ஸ்டன் குழாய்: மணற்கல்லில் கைகொடுக்கும், கருங்கல்லில் ஏமாற்றும்

பழைய கல் கட்டடத்தைக் காப்பாற்றப் போகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்தக் கல் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்பதைத்தான். உப்பைக் கல்லுக்குள் கொண்டுபோவது தண்ணீர். கல்லில் உள்ள ஃபெல்ஸ்பார் என்ற கனிமத்தைக் களிமண்ணாக்குவதும், பாசியையும் கல்லில் படரும் லைக்கனையும் வளர்ப்பதும் அதே தண்ணீர்தான். துண்டு வெட்டாமல், துளை போடாமல், சுவர் நிற்கிற நிலையிலேயே இதை அளந்து சொல்கிற மலிவான கருவி கார்ஸ்டன் குழாய். ஜெர்மானியக் கட்டட வேதியியலாளர் ருடால்ஃப் கார்ஸ்டனின் பெயரில் வழங்குகிறது. கட்டுமானப் பொருள் ஆய்வாளர்களின் பன்னாட்டு அமைப்பான ரைலெம் 1980இல் வெளியிட்ட சோதனை முறைகளில் II.4 என்ற எண்ணில் இது இருப்பதால் ரைலெம் குழாய் என்றும் சொல்வார்கள். பண்பாட்டுச் சின்னங்களுக்கென்றே ஐரோப்பாவில் 2013இல் வந்த இ.என். 16302 தரமும் இந்தக் குழாய் முறையைத்தான் விவரிக்கிறது.

கருவி என்று பார்த்தால் ஒன்றுமில்லை. அடியில் மணி போன்ற வாய், மேலே 0 முதல் 4 மி.லி. வரை (சிலவற்றில் 5 வரை) 0.1 மி.லி.க்கு ஒரு கோடு போட்ட தண்டு. சுவரில் ஒட்டுவதற்கு வளைந்த குழாய். தரையிலோ பீடத்தின் மேற்பரப்பிலோ வைப்பதற்கு நேர்க்குழாய். வாயின் உள்விட்டம் பெரும்பாலும் 27 மி.மீ. அருகில் இருக்கும், அதாவது கல்லைத் தொடும் பரப்பு சுமார் 5.7 சதுர செ.மீ. வாயைச் சுற்றிக் கிளே (பிசைந்து ஒட்டும் மெழுகுக் களிமண்) வைத்துக் கல்லில் அழுத்தி, 0 கோடு வரை தண்ணீர் நிரப்பி, மட்டம் இறங்குவதைக் கடிகாரத்தோடு குறித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் சோதனை. முழுக்க நிரப்பிய குழாயில் சுமார் 98 மி.மீ. உயர நீர் அழுத்தம் இருக்கும். மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் வீசும் காற்று மழையைச் சுவரில் அறைகிற அழுத்தத்துக்கு அது ஏறக்குறையச் சமம். புயல் மழைக்குப் பழகிய நம் கடற்கரைக்கு இது பொருத்தமான அளவுதான்.

எந்தக் கல்லுக்கு இதை வாங்கலாம் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்துக் கோயில்கள் இரண்டை எடுத்துக்கொள்வோம். காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலின் அடித்தளம் கருங்கல். மேலே எழும் சுவரும் சிற்பமும் மணற்கல். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலோ கருங்கல் அடுக்கு. மணற்கல்லில் இந்தக் குழாய் பத்து நிமிடத்தில் தெளிவாகப் பேசும். கருங்கல்லில் ஒரு மணி நேரம் நின்றாலும் மட்டம் அசையாது. உடனே "கல் நன்றாக இருக்கிறது" என்று எழுதிவிடுகிறார்கள். அங்கே பேசாமல் இருப்பது கல்லா, கருவியா என்று பார்ப்பதில்லை.

கணக்குப் போட்டால் விளங்கும். மணற்கல் ஒன்றில் 5ஆம் நிமிடத்துக்கும் 15ஆம் நிமிடத்துக்கும் இடையே 0.5 மி.லி. இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். 0.5 கிராமை 5.73 சதுர செ.மீ.யால் வகுத்தால் சதுர மீட்டருக்கு 0.87 கி.கி. நேரத்தின் வர்க்கமூலத்தை மணிக்கணக்கில் எடுத்தால் 15 நிமிடத்துக்கு 0.5, 5 நிமிடத்துக்கு 0.289; வித்தியாசம் 0.211. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் வருவதுதான் உறிஞ்சுகெழு, அதாவது கல் எவ்வளவு வேகமாக நீர் குடிக்கிறது என்பதன் அளவு; இங்கே சுமார் 4.1. நுண்துளை நிறைந்த மணற்கல்லுக்கு இது இயல்பான எண். இப்போது கெழு 0.05 மட்டுமே உள்ள திடமான கருங்கல்லுக்கு வாருங்கள். ஒரு மணி நேரத்தில் குழாயின் வாய்க்குள் போவது 0.03 மி.லி.; அளவுக்கோட்டின் ஒரு பிரிவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. தண்டின் மேல்வாயைத் திறந்து வைத்தால் வெயில் நாளில் அதில் கால்வாசி ஆவியாகவே போய்விடலாம். அதே கருங்கல் கொஞ்சம் சிதைந்து கெழு 0.1 ஆனால், அதாவது இரு மடங்கானால், 0.06 மி.லி. அதையும் கண் பிரித்துப் பார்க்காது. சிதைவின் தொடக்க நிலையைத்தான் நாம் பிடிக்க நினைக்கிறோம். கருங்கல்லில் அந்த நிலையை இந்தக் குழாய் முழுவதுமாகத் தவறவிடும்.

கருங்கல்லில் பயோடைட் என்ற கருப்பு மைக்கா ஊதி, ஃபெல்ஸ்பார் வெளுத்து, மேல்தோல் ஓடு ஓடாகப் பெயரும் நிலை வந்த பிறகு குழாய் எண் காட்டத் தொடங்கும். அந்த நேரத்தில் அதைச் சொல்லக் கருவி தேவையில்லை, விரல் போதும். கருங்கல் வேலைக்கு மீயொலி வேகம் அளக்கும் கருவியே சரியான முதலீடு. திடமான கல்லில் ஒலி விநாடிக்கு 5 கி.மீ. அளவில் ஓடும்; நன்றாகச் சிதைந்ததில் 3க்கும் கீழே இறங்கிவிடும். அந்த இடைவெளியில் நடுநிலைகளையும் பிரித்துப் பார்க்க முடியும். விலை பல மடங்கு என்பது உண்மைதான். கல்லை அடித்து, அடி எவ்வளவு துள்ளித் திரும்புகிறது என்பதை வைத்துக் கடினத்தை அளக்கும் ஷ்மிட் சுத்தியல் அதைவிட மலிவு. ஆனால் அதன் N வகை 2.2 நியூட்டன்-மீட்டர் ஆற்றலோடு அடிக்கும், மென்மையான L வகைகூட 0.735. செதுக்கிய கல்லிலும் பெயரும் தோலிலும் அதைக் கொண்டுபோகவே கூடாது.

இனி, குழாய் உண்மையில் கைகொடுக்கும் கற்களில் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று பார்ப்போம். மணற்கல், சுண்ணாம்புக்கல், சுண்ணச்சாந்துப் பூச்சு, செங்கல், கொனார்க்கில் உள்ள கோண்டலைட் ஆகியவை இந்தப் பட்டியலில் வரும். கோண்டலைட் உருமாறிய பாறையாக இருந்தாலும் அதன் ஃபெல்ஸ்பார் கயோலின் களிமண்ணாக மாறி, துளைகள் திறந்துகிடக்கும். குழாய்க்கு நல்ல தீனி. செம்பாறாங்கல் உறிஞ்சுவதில் குறையில்லை, ஆனால் மேற்பரப்பே குழிகுழியாக இருப்பதால் கிளே அடைக்காது. பாதி நாள் ஒழுகலோடு மல்லுக்கட்டுவதில் போகும்.

முதலில் இடம் தேர்வு. ஐந்து செ.மீ. அகலத்துக்குச் சமதளமாக இருக்க வேண்டும். எழுத்து பொறித்த இடம், வண்ணப்பூச்சு மிச்சம் உள்ள இடம், பொடிப்பொடியாக உதிரும் இடம் ஆகியவை வேண்டாம். சிற்பிகள் கல்லைத் தட்டி ஓசை கேட்பார்களே, அதேபோல விரல்முட்டியால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று கேட்டால் உள்ளே தோல் பிரிந்திருக்கிறது. அங்கே ஒட்டினால் குழாயைக் கழற்றும்போது தோலும் கையோடு வரும். இந்த எச்சரிக்கையிலேயே கருவியின் பெரிய குறையும் அடங்கியிருக்கிறது. மிக மோசமாகச் சிதைந்த பரப்பில் இதை ஒட்டவே முடியாது. ஒட்ட முடிந்த இடங்களின் எண்களை மட்டும் சராசரி எடுத்துச் சுவர் முழுவதற்கும் எழுதினால், நோயாளிகளை வெளியே நிறுத்திவிட்டு வார்டில் எல்லோரும் நலம் என்று சொல்வது போலாகும். ஒட்ட முடியாத இடங்களையும் வரைபடத்தில் தனி நிறத்தில் குறித்தாக வேண்டும்.

காலம் முக்கியம். கல் ஏற்கெனவே ஈரமாக இருந்தால் எண் குறைவாக வரும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் செய்த சோதனையை மே மாதச் சோதனையோடு ஒப்பிடுவது வீண். பிப்ரவரிக்குப் பிறகு, மழையில்லாத சில நாள் கழித்து, காலை நிழலில் செய்வது நல்லது. ஏப்ரல் வெயிலில் சூடேறிய கல்லில் கிளே இளகி, குழாய் தானாக வழுக்கி இறங்கும். சோதனை செய்த நேரம், கல்லின் வெப்பம், காற்றின் ஈரப்பதம் ஆகிய மூன்றையும் எண்ணோடு சேர்த்து எழுதாவிட்டால் அடுத்த ஆண்டு வருகிறவருக்கு அந்த எண்ணால் பயனில்லை.

கிளே விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். பிள்ளைகள் விளையாடும் எண்ணெய்க் கிளே ஒட்டும், ஆனால் மணற்கல்லில் எண்ணெய் வட்டம் விட்டுவிடும். அந்த வட்டத்துக்குள் அடுத்த முறை தண்ணீர் இறங்காது. கண்ணாடிப் பலகையில் அல்ல, அதே வகை உடைகல் ஒன்றில் கிளேயை ஒரு மணி நேரம் ஒட்டிவைத்துக் கறை தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கட்டடத்துக்குப் போக வேண்டும். எம்-சீல் போல இறுகும் எபாக்சி பக்கமே போக வேண்டாம். கழற்றும்போது கல்லின் தோலை உரித்துக்கொண்டு வரும். ஒட்டும் கிளேயை 8 முதல் 10 மி.மீ. பருமனில் கயிறாகத் திரித்து, வாயின் விளிம்பில் வெளிப்பக்கமாகச் சுற்றி, லேசாகத் திருகியபடி அழுத்த வேண்டும். அழுத்தும்போது கிளே உள்பக்கம் பிதுங்கும். இங்கேதான் பெரும்பாலான எண்கள் கெடுகின்றன. 27 மி.மீ. வாய் 23 மி.மீ. ஆகச் சுருங்கினால் பரப்பு 27 சதவீதம் குறைகிறது. மேலே போட்ட கணக்கில் அதே 0.5 மி.லி.க்குக் கெழு 4.1 அல்ல, 5.7. குழாயைக் கழற்றியதும் கல்லில் தெரியும் ஈர வட்டத்தை நம்பாதீர்கள், அது பக்கவாட்டில் பரவியிருக்கும். கிளே வளையத்தின் உள்விட்டத்தை வெர்னியரால் அளந்து அந்த எண்ணைத்தான் கணக்கில் போட வேண்டும்.

தண்ணீர் காய்ச்சி வடித்ததாக இருக்கட்டும். போர்வெல் தண்ணீரை ஊற்றினால் உப்பை நாமே கல்லுக்குள் கொண்டுபோய் வைக்கிறோம். மெல்லிய மூக்குள்ள வாஷ் பாட்டிலால் மெதுவாக நிரப்புங்கள். வளைவில் காற்றுக் குமிழி சிக்கினால் குழாயைச் சுண்டிக் குமிழியை மேலே விட வேண்டும். நீர்மட்டம் 0 கோட்டைத் தொட்டதும் ஸ்டாப்வாட்ச். 5, 10, 15, 20, 30, 60 நிமிடங்களில் எண் எடுக்கலாம். முதல் நிமிட இறக்கத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கிளே அமர்வதும் காற்று வெளியேறுவதும் அதில் கலந்திருக்கும். மட்டம் இறங்க இறங்க அழுத்தமும் குறையும், ஆகவே நன்றாக உறிஞ்சும் கல்லில் அவ்வப்போது 0 வரை மீண்டும் நிரப்பி, நிரப்பிய அளவைச் சேர்த்து எழுத வேண்டும். தண்டின் மேல்வாயில் ஊசியால் துளையிட்ட ஒரு தாள் மூடி. பக்கத்தில் ஒரு கண்ணாடித் துண்டில் இன்னொரு குழாயை ஒட்டி நிரப்பி வையுங்கள். அதில் இறங்குவது ஆவியும் ஒழுகலும் மட்டுமே, அதை மற்றவற்றிலிருந்து கழித்துவிடலாம். ஒழுகலைக் கண்டுபிடிக்க டிஷ்யூ தாளைக் கிளேயைச் சுற்றி ஒற்றிப் பாருங்கள். உறிஞ்சும் கல்லில் ஈரம் வட்டமாகப் பரவும். ஒழுகினால் கீழ்நோக்கி நாக்கு நீட்டும். சாயம் கலந்து ஒழுகல் பார்ப்பதெல்லாம் பழைய கட்டடத்தில் செய்யக்கூடாத வேலை.

ஒரே வகைப் பரப்பில் குறைந்தது மூன்று இடம். இணைப்புச் சாந்தைத் தனியாக, கல்லைத் தனியாக. சிமென்ட் சாந்து பூசிய பழைய சுவர்களில் இந்த ஒப்பீடு நிறையச் சொல்லும்: சிமென்ட் இணைப்பு தண்ணீரை வாங்காது, அதை ஒட்டிய கல் விளிம்பு அதிகமாக வாங்கும். சுவருக்குள் போன ஈரம் முழுவதும் வெளியேற அந்த விளிம்பைத்தான் வழியாகப் பிடிக்கிறது. உப்பு பூத்துக் கல் உதிர்வதும் அங்கேதான்.

எண்ணைவிட வளைகோட்டின் வடிவம் அதிகம் பேசும். நேரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிராக வரைந்தால், ஒரே சீரான கல்லில் நேர்கோடு வரும். சிறிது நேரம் கழித்துக் கோடு மேலே வளைந்தால் தண்ணீர் பக்கவாட்டில் பரவத் தொடங்கிவிட்டது. அதன் பிறகான எண்கள் ஆய்வகக் கெழுவைவிடப் பெரிதாகவே வரும். திடீரென்று ஒரு தாவல் தெரிந்தால், மேலோட்டைத் தாண்டி உள்ளே பிரிந்த இடைவெளியைத் தண்ணீர் தொட்டுவிட்டது. முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் போகும் கோடு, இறுகிய மேல்தோலும் அதன் கீழே தளர்ந்த கல்லும் உள்ள சுவரின் கையெழுத்து. மணற்கல் சிற்பங்களில் இது அடிக்கடி தெரியும். 15 நிமிடத்தோடு நிறுத்தினால் தவறிவிடும்.

உப்புள்ள சுவரில் குழாய் சொல்வதைத் தலைகீழாகப் படிக்க வேண்டியிருக்கும். துளைகளை உப்பு அடைத்திருந்தால் உறிஞ்சல் குறைவாகக் காட்டும். நோய் முற்றிய கல் ஆரோக்கியமான எண் தரும். கடற்கரைக் கோயிலில் தொல்லியல் துறை காகிதக்கூழ் பூசி உப்பை இழுத்திருக்கிறது. அப்படிப்பட்ட சிகிச்சைக்குப் பிறகு மணற்கல்லிலோ சாந்திலோ குழாய் எண் ஏறினால் பதற வேண்டாம். துளை திறந்திருக்கிறது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். உப்பு போனதா என்பதைக் கூழிலிருந்து கழுவி எடுத்த நீரின் மின்கடத்துதிறன்தான் சொல்ல வேண்டும், குழாய் அல்ல. சோதனை நீரே உள்ளிருக்கும் உப்பைக் கரைத்து நகர்த்தும் என்பதையும் மறக்கக்கூடாது. சோதனை செய்த இடத்தைச் சுற்றிச் சில நாளில் வெள்ளை வளையம் பூத்தால் அது நாம் விட்டுவந்த தடம். ஆகவே ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் செய்யாமல், பக்கத்தில் 10 செ.மீ. தள்ளிச் செய்வது முறை.

இந்தக் குழாயை வாங்குவதற்கு ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால், நீர்விலக்கிப் பூச்சுகளைச் சோதிப்பதுதான். சிலேன், சிலாக்சேன் பூசியவர் "இனி தண்ணீர் இறங்காது" என்பார். பூசும் முன் மூன்று இடம், பூசி நான்கு வாரம் கழித்து அருகில் மூன்று இடம், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. இத்தனை மலிவாகவும் வெளிப்படையாகவும் ஒப்பந்ததாரரைக் கணக்குக் கேட்கும் கருவி வேறில்லை. சாந்துப் பூச்சு தரமாக இறங்கியிருக்கிறதா, மணல் பீய்ச்சித் தேய்த்த சுவரில் மேற்பரப்பு திறந்துபோயிருக்கிறதா என்பதையும் இதே முறையில் பிடிக்கலாம். தேய்க்காத ஒரு பகுதி ஒப்பிடுவதற்கு மிச்சம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் குழாய் ஒருவழிப் பாதை. தண்ணீர் உள்ளே போகிறதா என்று சொல்லும். உள்ளே இருப்பது வெளியே வரமுடியுமா என்று சொல்லாது. பூச்சுக்குப் பின் 60 நிமிடமும் 0 காட்டிய சுவரில், தரையிலிருந்து ஏறிய ஈரம் பூச்சின் பின்னால் தேங்கி உப்போடு சேர்ந்து தோலைத் தள்ளலாம். எண் 0 ஆனதைக் காட்டி வேலை முடிந்தது என்று யாராவது அறிக்கை நீட்டினால், உலரும் வேகத்துக்கு என்ன சோதனை செய்தீர்கள் என்று கேளுங்கள்.

மாற்று என்று பார்த்தால், இத்தாலியில் 2011இல் தரமாக்கிய தொடு-பஞ்சு முறை இருக்கிறது. அளந்த நீரில் நனைத்த பஞ்சை வட்டத் தட்டில் வைத்து ஒரு நிமிடம் கல்லில் அழுத்தி, முன்னும் பின்னும் எடை பார்ப்பார்கள். கிளே வேண்டாம், கறை இல்லை, பெயரும் தோலுக்கு ஆபத்து குறைவு, ஒரு காலையில் நிறைய இடம் அளக்கலாம். காற்றாடாத இடத்தில் வைக்கக்கூடிய 0.01 கிராம் தராசு வேண்டும் என்பதுதான் களத்தில் தொல்லை. நன்றாக உறிஞ்சும் கல்லில் பஞ்சு சீக்கிரமே காலியாகும், அங்கே குழாய் மேல். குறைவாக உறிஞ்சும் கல்லில் பஞ்சு மேல்; ஆனால் திடமான கருங்கல்லில் ஒரு நிமிடம் போதாது, நேரத்தை நீட்டி 0.001 கிராம் தராசுக்குப் போக வேண்டியிருக்கும்.

பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் 1958ஆம் ஆண்டுச் சட்டம் நடப்பில் இருக்கிறது. தொல்லியல் துறையின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் கிளே உருண்டைகூட ஒட்டக்கூடாது. கையைப் பழக்கிக்கொள்ள கல்பட்டறைக் கழிவுத் துண்டுகள் போதும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. கண்ணாடி, பிளாஸ்டிக் இரண்டும் கிடைக்கின்றன. பிளாஸ்டிக் உடையாது, எடை குறைவு. ஆனால் கீறல் விழுந்து சில மாதத்தில் நீர்மட்டம் மங்கலாகும். கண்ணாடியில் அளவுக்கோடு படிப்பது சுகம். ஆய்வகக் கண்ணாடி ஊதுபவரிடம் செய்துகொள்ளவும் முடியும். அப்படிச் செய்தால் வாயின் விளிம்பைத் தட்டையாகத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள், கூர் விளிம்பில் கிளே நிற்காது. எங்கே வாங்கினாலும் இரண்டு சோதனை: ஒவ்வொரு குழாயின் வாயையும் வெர்னியரால் அளந்து குழாயிலேயே எழுதி ஒட்டுங்கள், ஒரே பெட்டியில் வருகிறவைகூட ஒன்றுபோல இருக்காது. பிறகு பிப்பெட்டால் 1 மி.லி. 1 மி.லி.யாக ஊற்றி அளவுக்கோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். சுவர்க் குழாய் மூன்று, கண்ணாடித் துண்டில் ஒட்டி ஒப்பிட ஒன்று, நேர்க்குழாய் ஒன்று. ஒரு நாள் வேலைக்கு இது போதும். கண்ணாடி உடைவது எப்போதும் தண்டும் வாயும் சேரும் வளைவில்தான், அதுவும் ஒட்டும்போது அல்ல, அவசரமாகக் கழற்றும்போது. முதலில் ஊசிக்குழலால் தண்ணீரை உறிஞ்சி எடுத்து, அடியில் பஞ்சை ஏந்தி, வாயைப் பிடித்துத் திருகிக் கழற்றுங்கள். தண்டைப் பிடித்து இழுக்காதீர்கள். சுவர்க் குழாயில் மட்டும் ஒன்று கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளலாம்.